பாரிஸ் ஓஸ்மான் கடைத்தெருவின் மொட்டைமாடிகள்: ஊரிலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கனடா, லண்டன், யாழ்ப்பாணம், சென்னை என்று எங்கிருந்தாவது யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். முதல் நாள் ஈபிள் கோபுரம், இரண்டாம் நாள் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கொத்துரொட்டியும் நகைக்கடையும். மூன்றாம் நாள் காலையில் கேள்வி தொடங்கும்: “ஓஸ்மான் பூல்வாரில் பெரிய கடைகள் இருக்காம், மேல் மாடியில் இருந்து சாப்பிடலாமாம், அங்கே எங்களை விடுவாங்களோ?” நான் பாரிசுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். அதில் ஆறு வருடம் இப்படியான மாடி உணவகம் ஒன்றின் குசினியில் (சமையலறையில்) நின்றிருக்கிறேன். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேலே ஏறுவதற்குக் காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். கலரி லஃபாயெத் கடையின் முதன்மைக் கட்டடத்தில், அதாவது கண்ணாடிக் குவிமாடம் இருக்கும் கட்டடத்தில், எட்டாம் மாடி பொதுமக்களுக்குத் திறந்த மொட்டைமாடி. ரிக்கெற் இல்லை, முன்பதிவு இல்லை, எதுவும் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாசலில் கைப்பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அது எல்லோருக்கும் பொது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் கீழ்த்தளத்து வாசனைத் திரவியக் கண்ணாடி மேசைகளையும், கறுப்பு சூட் போட்ட காவலாளியையும் பார்த்துவிட்டு, “இது எங்களுக்கான இடம் இல்லை” என்று திரும்பி விடுகிறார்கள். பத்து வருடம் பாரிசில் இருந்தும் அந்த மாடிக்கு ஒரு தடவைகூட ஏறாதவர்களை எனக்குத் தெரியும். நகரும் படிக்கட்டில் ஏறி, கைப்பைகளையும் சப்பாத்துகளையும் கடந்து, நேராக மேலே போங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எட்டாம் மாடிதானே? அங்கிருந்து அப்படி என்ன தெரியப் போகிறது?

சென்னையிலோ ரொறன்ரோவிலோ எட்டாம் மாடியில் நின்றால் எதிர்க் கட்டடத்தின் யன்னல்தான் தெரியும். பாரிசில் அப்படி இல்லை. 1853 முதல் 1870 வரை இந்த நகரத்தை நிர்வகிக்கும் அரச அதிபராக இருந்த ஓஸ்மான், பழைய சந்துகளை இடித்து அகன்ற வீதிகளைப் போட்டபோது, வீதி எவ்வளவு அகலமோ அதற்கேற்ற உயரத்தில்தான் கட்டடம் இருக்கலாம் என்ற ஒழுங்கு நடைமுறையில் இருந்தது. ஆறு, ஏழு மாடிக்கு மேல் வீடுகள் எழும்பவில்லை. 1973இல் 210 மீற்றர் உயரத்தில் மோன்பர்னாஸ் கோபுரம் வந்தது. அதைப் பார்த்து நகரமே வெறுத்துப் போய், 1977இல் 37 மீற்றர் என்று எல்லை போட்டது. இடையில் சில பகுதிகளுக்குத் தளர்த்தினார்கள், 2023இல் மறுபடியும் இறுக்கினார்கள். அதனால்தான் எட்டாம் மாடி இங்கே மலை உச்சி மாதிரி.

தெற்கே பார்த்தால் மிக அருகில் ஒப்பெரா கார்னியே. 1875இல் திறந்த இசை நாடக மாளிகை. எல்லோரும் அதன் முன்பக்கத்தைத்தான் படமெடுப்பார்கள், இங்கிருந்து அதன் முதுகுப்புறம் தெரியும், பச்சை படிந்த செப்புக் குவிமாடமும் உச்சியில் யாழைத் தூக்கிப் பிடித்த அப்பல்லோ சிலையும் சேர்த்து. 1980களில் இருந்து அந்தக் கூரையில் தேனீ வளர்க்கிறார்கள், அந்தத் தேன் ஒப்பெராவின் கடையில் விற்பனைக்கும் வந்தது. மேற்குப் பக்கமாக ஈபிள் கோபுரம், இடையில் அன்வலீத் மாளிகையின் பொன்முடி, வடக்கே மேட்டில் வெள்ளை வெளேரென்று சாக்ரே கேர் தேவாலயம்.

ஆனால் என் அம்மாவுக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. 2014இல் அவ வந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கனநேரம் பேசாமல் நின்றா. சாம்பல் நீலத்தில், அலை அலையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூரைகள். கடைசியில், “இவ்வளவு பெரிய ஊருக்கும் தகரக் கூரையோ!” என்றா. தகரம் இல்லை அம்மா, துத்தநாகத் தகடு என்று விளக்கினேன். மழை பட்டுப் பட்டு அந்த நிறம் வரும், அதை மடித்து, பொருத்தி, விளிம்பு கட்டுவதற்கென்றே ஒரு தொழில்கூட்டம் இருக்கிறது. அந்தக் கூரைக்காரர்களின் கைத்திறனை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அன்று அம்மா என் விளக்கத்தைக் கேட்க இல்லை. அவவின் பார்வை ஒவ்வொரு கூரையிலும் வரிசையாக நிற்கும் மண் புகைக்குழாய்களில் இருந்தது. எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டா.

எந்த நேரம் போவது நல்லது?

எல்லோரும் கேட்பது “சூரியன் மறையும் நேரம்”. இங்கேதான் கோடையில் வருபவர்கள் ஏமாறுகிறார்கள். ஜூன் மாதக் கடைசியில் பாரிசில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். கடை இரவு எட்டு, எட்டரையோடு பூட்டிவிடும், பொது மொட்டைமாடியும் அதோடு சரி. ஆகவே கோடையில் பொது மாடியில் நின்று பொழுது சாய்வதைப் பார்க்க முடியாது. அதற்கு இரவும் திறந்திருக்கும் மாடி உணவகம் ஒன்றில் மேசை எடுக்க வேண்டும்.

குளிர்காலம் நேர் எதிர். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பின்னேரம் நாலரைக்கு ஏறினால் பகல், அந்தி, இரவு மூன்றையும் ஒரு மணித்தியாலத்தில் காசில்லாமல் பார்த்துவிடலாம். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஈபிள் கோபுரம் ஐந்து நிமிடம் மின்னும். கையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நவம்பர் நடுவிலிருந்து உள்ளே குவிமாடத்துக்குக் கீழே பிரமாண்டமான நத்தார் (கிறிஸ்மஸ்) மரமும் இருக்கும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது டிசம்பரைத்தான், குளிர் இருந்தாலும்.

கோடையில் வந்துவிட்டீர்களா? காலை பத்து மணிக்குக் கடை திறந்தவுடன் ஏறுங்கள். வெயில் சாய்வாக விழும், கூட்டம் இருக்காது. சனிக்கிழமை பின்னேரமும், ஜனவரியிலும் ஜூன் கடைசியிலும் தொடங்கும் மலிவு விற்பனையின் முதல் நாட்களும் வேண்டவே வேண்டாம்.

லாச்சப்பலில் இருந்து எப்படிப் போவது?

கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்து, அதனோடு ஒட்டிய மஜந்தா நிலையத்தில் ஆர்.ஈ.ஆர் ஈ என்ற புறநகர் ரயிலைப் பிடித்தால் ஒரே ஒரு தரிப்பு: ஓஸ்மான் சன் லசார். மஜந்தா மிக ஆழத்தில் இருக்கும் நிலையம், நகரும் படிக்கட்டு நீளம், அதற்குப் பயந்து வேறு வழி தேட வேண்டாம். புறநகரான லா கூர்னவ் பக்கம் தங்கியிருப்பவர்கள் 7ஆம் இலக்க மெட்ரோவில் ஏறினால் மாறாமல் ஷோசே தாந்தன் லஃபாயெத் நிலையத்தில் இறங்கலாம். கடையின் பெயரே நிலையத்தின் பெயரிலும் இருப்பதால் தவறவிட மாட்டீர்கள்.

பொது மொட்டைமாடியும் மாடி உணவகமும் ஒன்றா?

இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் மனக்கசப்பு வருகிறது. ஒரே கூரையில் ஒரு பகுதி எல்லோரும் நின்று பார்ப்பதற்கு, இன்னொரு பகுதி கதிரை மேசை போட்ட உணவகம். மேசையில் கத்தி, முள்ளுக்கரண்டி, கிளாஸ் வைத்திருந்தால் அது சாப்பிட வருபவர்களுக்கானது. களைப்பில் போய் அமர்ந்தால் பரிமாறுபவர் வந்து எழும்பச் சொல்வார். அதை அவமானமாக எடுக்க வேண்டாம், வெள்ளைக்காரருக்கும் அதையேதான் சொல்வார். நுழைவில் நின்று “போன்ஜூர்” சொல்லி, எத்தனை பேர் என்று விரலால் காட்டினாலே போதும், அவரே கூட்டிக்கொண்டு போய் இருத்துவார். அந்த “போன்ஜூர்” மிக முக்கியம். அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் இங்கே முகம் மாறிவிடும்.

பக்கத்துக் கடையான பிரன்தோமின் ஆண்கள் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் பெரூஷ் என்ற உணவகம் இருக்கிறது, செடி கொடிகளோடு நீண்ட வெளிமாடம். அதற்குக் கீழ் மாடிகளில் உணவுப் பொருட் கடைகளும் சின்ன உணவகங்களும் இருக்கின்றன. கையிருப்புக்கு அவைதான் தோது. கலரி லஃபாயெத்தின் கூரையிலும் உணவகமும் குடிவகைக் கடையும் உண்டு, ஆனால் அவற்றின் பெயரும் ஆளும் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடை பூட்டிய பிறகும் நடக்கும் உணவகங்களுக்கு வேறு வாசல், தனி லிஃப்ட் இருக்கும். பதிவு செய்யும்போதே எந்த வாசல் என்று கேட்டு வையுங்கள், இல்லாவிட்டால் இரவு எட்டரைக்கு இறக்கிய ஷட்டருக்கு முன்னால் நிற்பீர்கள்.

பொம்பிடூ கலை மையத்தின் உச்சி உணவகத்தைப் பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் பரிந்துரைக்கும். அந்தக் கட்டடம் திருத்த வேலைக்காக 2025 செப்டம்பரில் மூடப்பட்டது, 2030இல்தான் திறப்பதாகத் திட்டம். வீணாக அலைய வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்? ஏமாற்ற மாட்டார்களா?

மாடி உணவகத்தில் நீங்கள் கொடுக்கும் காசில் பாதி காட்சிக்கு. கீழே தெருவில் குடிக்கும் அதே கோப்பி மேலே இரட்டிப்பு விலை. ஒரு காக்டெயில் 15 யூரோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது, நான்கு பேர் முழுச் சாப்பாடு சாப்பிட்டு எழும்ப 200 யூரோ தாண்டலாம். ஆகவே என் யோசனை: வயிறு நிறைய லாச்சப்பலில் சாப்பிடுங்கள், மேலே ஒரு குடிபானமும் ஒரு இனிப்பும். சில இடங்களில் சாப்பாட்டு நேரத்தில் குடிக்க மட்டும் இருத்த மாட்டார்கள். அதனால் பின்னேரம் மூன்றுக்கும் ஆறுக்கும் இடையில் போங்கள்.

ஏமாற்றம் என்றால், நான் இங்கு வந்த புதிதில் நண்பர்களோடு ஒரு மாடிக்கடையில் இருந்தபோது, “தண்ணி” என்று மட்டும் கேட்டோம். ஐந்து போத்தல் மினரல் வாட்டர் வந்தது. கணக்குச் சீட்டில் தண்ணீருக்கு மட்டும் எங்கள் அன்றைய நாள் சம்பளத்தின் பாதி. பிழை அவர்கள் மேல் இல்லை என்று சட்டப்படி சொல்லலாம், ஆனால் மனம் எரிந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் பாடமாக்கிக் கொடுக்கும் முதல் பிரெஞ்சு வசனம்: “யுன் கராஃப் தோ, சில் வூ ப்லே.” ஒரு குவளை குழாய்த் தண்ணீர், தயவுசெய்து. சாப்பிட இருப்பவர்களுக்கு அது இலவசம். இலவசத் தண்ணீர் உண்டு என்பதை உணவகங்கள் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2020இல் சட்டமே வந்துவிட்டது. பாணுக்கும் காசில்லை, கேட்டால் இன்னொரு கூடை தருவார்கள்.

சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் இருந்து வருபவர்கள் இருபது வீதம் கணக்குப் போட வேண்டாம். நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால் இரண்டொரு யூரோ நாணயம் மேசையில் வைத்துவிட்டு எழும்பலாம். மிஞ்சிய சாப்பாட்டைக் கட்டித் தரச் சொல்வதற்கு எங்கள் சனம் கூச்சப்படும். 2021 ஜூலை முதல், கேட்டால் அதற்குப் பெட்டி கொடுக்க வேண்டியது உணவகத்தின் கடமை. தைரியமாகக் கேளுங்கள்.

நாங்கள் மாடு சாப்பிட மாட்டோம். மாமி தனிச் சைவம். என்ன கிடைக்கும்?

இதில் கொஞ்சம் நின்று கவனியுங்கள், குசினியில் நின்றவன் சொல்கிறேன். “பெஃப்” என்று பட்டியலில் இருந்தால் மாடு. “வோ” என்றால் கன்றுக்குட்டி. “தார்தார்” என்பது பெரும்பாலும் பச்சை மாட்டிறைச்சி. சில இடங்களில் மீனிலும் செய்வார்கள், ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். பன்றி “போர்”. இவை பெயரோடு இருப்பதால் தப்பிக்கலாம். தப்ப முடியாதது ஒளிந்திருப்பவை. “லர்தோன்” என்று சின்னச் சின்னப் பன்றித் துண்டுகளைச் சலாதின் மேல் தூவி விடுவார்கள். காய்கறி சூப்பின் அடித்தண்ணீர் கோழி எலும்பில் காய்ச்சியதாக இருக்கும். இனிப்புப் பசையில் விலங்கு எலும்பு, தோலில் இருந்து எடுக்கும் ஜெலற்றின் இருக்கும்.

“வெஜிட்டேரியன்” என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மீன் போட்டுத் தருவார்கள். “சான் வியாந்த், சான் புவாசோன்” என்று சொல்லுங்கள்: இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. முட்டையும் விலக்கு என்றால் “சான் எஃப்” சேருங்கள். கேட்டதும் பரிமாறுபவர் உள்ளே போய்க் குசினியைக் கேட்டுவிட்டு வந்தால் அவரை நம்பலாம். நின்ற இடத்திலேயே தலையை ஆட்டினால் நம்பாதீர்கள். மாமிக்கு விரத நாள் என்றால் மேலே ஒரு பழச்சாறு மட்டும் எடுங்கள், திரும்பி வரும்போது லாச்சப்பலில் தோசை இருக்கிறது.

பசி நேரமும் கவனம். பிரெஞ்சுக் குசினி வழக்கமாகப் பகல் பன்னிரண்டுக்கு அடுப்பேற்றி இரண்டு, இரண்டரைக்குள் துடைத்து விடும், மறுபடி இரவு ஏழுக்குத்தான். மூன்றரை மணிக்குப் பசியோடு ஏறினால் கேக்கும் ஐஸ்கிறீமும்தான்.

என்ன உடுப்பு?

சேலை, வேட்டி, ஜீன்ஸ் எதுவும் சரி. காற்றுக்குத்தான் கவனம். கீழே வெயில் கொளுத்தும் நாளிலும் மேலே காற்று அடிக்கும், சேலைத் தலைப்பை ஊசி குத்தி வையுங்கள், ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

சிகரெட் புகை இருக்குமா?

இருக்கும். உணவகத்தின் உள்ளே 2008 ஜனவரி முதல் தடை, வெளிமாடத்தில் இல்லை. 2025இல் பூங்காக்களுக்கும் பஸ் தரிப்புகளுக்கும் வந்த புதிய தடையிலும் உணவக வெளிமாடங்களை விட்டுவிட்டார்கள். இழுப்பு வருத்தக்காரர், கர்ப்பிணிகள் உள்பக்க மேசை கேளுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஏற முடியுமா?

லிஃப்ட் இருக்கிறது, கூட்ட நாட்களில் காத்திருப்பு நீளும். காலையில் போனால் அந்தப் பிரச்சினை இல்லை. கழிப்பறையைக் கீழ் மாடியிலேயே விசாரித்துப் போய்விட்டு ஏறுங்கள். வயதானவர்கள் கனநேரம் நிற்க மாட்டார்கள், ஆகவே அவர்களோடு போகும் நாளில் உணவகத்தில் ஒரு கோப்பி எடுத்து உட்காருவதற்குச் செலவழிக்கும் காசு வீண் இல்லை.

மழை பெய்தால்?

பொது மாடியை மூடிவிடுவார்கள், பலத்த காற்றுக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நாளும் கெட்டுப் போகாது. கலரி லஃபாயெத்தின் குவிமாடம் 1912இல் முடிந்தது, 43 மீற்றர் உயரம், வண்ணக் கண்ணாடி, கண்ணாடிக் கலைஞர் ஜாக் குரூபரின் வேலை. மூன்றாம் மாடியில் கண்ணாடித் தரை போட்ட சிறு நடைபாலம் இருக்கிறது, அதில் நின்று நிமிர்ந்து பாருங்கள். பிரன்தோமின் குவிமாடம் 1923இல் வந்தது, அதன் கீழேயே உட்கார்ந்து சாப்பிடலாம். 1939இல் குண்டு விழும் என்ற பயத்தில் அதன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடித் துண்டுகளையும் கழற்றிப் பத்திரப்படுத்தி, 1973இல்தான் திரும்பப் பூட்டினார்கள். போருக்குப் பயந்து வீட்டுப் பொருளைப் புதைத்து வைத்த ஊரில் இருந்து வந்த எனக்கு, அந்தக் கண்ணாடிக்குக் கீழே உட்காரும்போது மனதில் வேறு எதுவும் ஓடாது.

இந்தக் கூரையில் விமானம் இறங்கியது உண்மையா?

உண்மை. 1919 ஜனவரி 19ஆம் தேதி, ஜூல் வெத்ரின் என்ற விமானி கொத்ரோன் ஜி3 என்ற சிறு விமானத்தை இதே கலரி லஃபாயெத் கூரையில் இறக்கினார். முப்பது மீற்றர்கூட நீளமில்லாத தளம், பரிசு 25,000 பிராங்க், காவல்துறையின் அனுமதி இல்லை. பிள்ளைகளிடம் இதை மேலே வைத்துச் சொல்லுங்கள், அடி வைத்து நீளத்தை அளந்து பார்ப்பார்கள். அந்த மனிதர் மூன்று மாதத்தில், ஏப்ரலில், வேறொரு விமான விபத்தில் இறந்துபோனார்.

கடையில் வாங்கும் பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, 16 வயதுக்கு மேல், ஒரே கடையில் வாங்கியது 100 யூரோவைத் தாண்டினால் கிடைக்கும். லண்டன்காரருக்கும் இப்போது உண்டு. கடவுச்சீட்டைக் கையில் கொண்டு போங்கள், படிவத்தைப் புறப்படும் விமான நிலையத்தில், பெட்டியைக் கொடுப்பதற்கு முன் இயந்திரத்தில் காட்டிப் பதிய வேண்டும்.

அங்கே வேலை செய்யும் எங்கடை ஆக்களோடு கதைக்கலாமா?

கட்டாயம் கதையுங்கள். பாரிசில் எந்த உணவகத்தின் பின்கதவைத் திறந்தாலும் தமிழ்க் குரல் கேட்கும் என்பது மிகை இல்லை. எண்பதுகளில் இருந்து வந்தவர்கள் கோப்பை கழுவித் தொடங்கி, சலாது வெட்டி, அடுப்பு வரை போயிருக்கிறார்கள். நாங்கள் ஊரில் சொல்லும் குசினியும் இங்கே சொல்லும் குயிசினும் ஒரே வேரில் வந்த சொற்கள்.

நான் வேலை செய்த குசினிக்கு யன்னல் இல்லை. சாமான் லிஃப்டில் ஏறி, சாமான் லிஃப்டிலேயே இறங்குவோம். வெளிமாடத்தில் இருந்து திரும்பி வரும் கோப்பைகளில் காற்றுக்கு ஒட்டிய மர இலைகள் இருக்கும், அதை வைத்துத்தான் வெளியே இலையுதிர்காலம் என்று தெரியும். அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் விருந்தாளியாக நான் முதல் முறை நின்றது அம்மாவோடுதான். அன்று மேசைக்குக் கோப்பி கொண்டு வந்த பொடியன், நாங்கள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, “எந்த ஊர் அம்மா?” என்று மெல்லக் கேட்டான். “சாவகச்சேரி, தம்பி” என்றா அம்மா. அவன் போய், கேட்காமலே இன்னொரு சீனிப் பொட்டலமும், ஒரு குவளை தண்ணீரும் கொண்டு வந்து வைத்தான்.